இரு கோடுகளும் ஒரு முகமும்

இறைவனின் நிலைகளை உருவம், அருவம், அருவுருவம் என மூன்றாக வகுத்துச் சொல்வது தமிழ்ச் சைவ மரபு. கண்ணும் கையும் காலும் கொண்டு நம்முன் நிற்பது உருவம். காட்சிக்கு எட்டாதது அருவம். வடிவம் உண்டு, ஆனால் முகமோ உறுப்புகளோ இல்லை என இரண்டுக்கும் நடுவே நிற்பது அருவுருவம். கத்தோலிக்கராகிய நாம் இச்சொற்களை நம் மறைக்கல்வி வகுப்பில் கற்றதில்லை. ஆயினும் அருவுருவத்தை நாள்தோறும் நம் கையாலேயே வரைந்து வருகிறோம். நெற்றியில் தொடங்கி மார்புக்கு ஒரு கோடு. இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மற்றொரு கோடு. அதில் முகமில்லை, முள்முடியில்லை, குருதியில்லை, அழும் அன்னையில்லை. ஆனால் அவை அத்தனையும் அந்த இரு கோடுகளுக்குள் இருக்கின்றன என்பதை எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டியும் அறிவாள். அரூப ஓவியம் நமக்கு அயலானது என்று சொல்வோர், முதலில் தம் சிலுவை அடையாளத்தைச் சற்றே உற்று நோக்க வேண்டும்.

உருவமும் நுணுக்கமும் வண்ணமும் செறிந்த ஒரு காட்சியை எடுத்து, அதைச் சில கோடுகளாகவும் சதுரங்களாகவும் முக்கோணங்களாகவும் வட்டங்களாகவும் மாற்றியமைக்கும் கலையைப் பற்றி இங்கே எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். இது ஓவியர்களுக்கு மட்டும் உரிய பொருளன்று. நம் மறைமாவட்டத்தில் புதிய ஆலயங்கள் எழுகின்றன, பழையவை புதுப்பிக்கப்படுகின்றன. பீடத்தின் பின்சுவரில் எதை வைப்பது, எதை விடுவது என்ற கேள்வி ஒவ்வொரு பங்குப் பேரவையிலும் எழுகிறது. ஒரு பக்கம் வண்ணச் சுரூபங்களும் மின்விளக்குத் தோரணங்களும் வேண்டும் என்போர். மறுபக்கம் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு வெறுஞ்சுவர் போதும் என்போர். இவ்விருவருக்கும் நடுவில் ஒரு வழி உண்டா என்பதே நம் கேள்வி. அதற்கான விடையைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. திருப்போரூரிலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்பட்டாலே போதும்.

திருப்போரூரின் சக்கரம்

பழைய மாமல்லபுரம் சாலையில் செல்வோர் திருப்போரூரில் கந்தசுவாமி கோயிலின் கோபுரத்தைக் காணாமல் கடக்க முடியாது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிதம்பர சுவாமிகள், பனங்காட்டுள் மறைந்து கிடந்த முருகன் திருவுருவைக் கண்டெடுத்து இக்கோயிலை எழுப்பினார் என்பது தலவரலாறு. முருகனைப் போற்றி அவர் பாடிய எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் திருப்போரூர்ச் சந்நிதிமுறை என வழங்குகின்றன. மூலவர் பனைமரத்தால் ஆனவர் என்பதால் அத்திருமேனிக்கு நீராட்டு இல்லை. மரம் நீரைத் தாங்காதன்றோ? அதற்கு மாற்றாகச் சிதம்பர சுவாமிகள் நிறுவிய சக்கரம் ஒன்று அங்கே உண்டு. கோடுகளும் கோணங்களும் எழுத்துகளும் கொண்ட இயந்திர வடிவம் அது. நீராட்டு அதற்கே நடைபெறுகிறது.

பிற சமயத்தாரின் வழிபாட்டை ஆராய்வது நம் நோக்கமன்று. சைவ சகோதரர்களின் நம்பிக்கையை மதிப்போடு நோக்கும்போது நம் கண்ணில் படும் ஓர் உண்மையை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம். வேலும் மயிலும் மாலையும் கொண்ட முழு உருவம் ஒரு பக்கம். கோடுகளால் ஆன சக்கரம் மறுபக்கம். இரண்டும் ஒரே கோயிலுக்குள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. உருவத்தால் தாங்க இயலாத ஒன்றைச் சக்கரம் தாங்குகிறது. சக்கரத்தில் கோடுகளை மட்டுமே காணும் கண்ணுக்கு, அவை யாரைக் குறிக்கின்றன என்பதை உருவம் சொல்கிறது. எழுநூறு பாடல்களில் முருகனின் அழகை வருணித்து உருகிய அதே அடியார்தாம் இச்சக்கரத்தையும் நிறுவினார். அழகை அறியாதவரோ அழகை வெறுத்தவரோ அல்லர் அவர்.

கல்லுக்குள் சதுரம்

திருப்போரூரிலிருந்து தெற்கே சென்றால் மாமல்லபுரம். அருச்சுனன் தவம் என்றும் கங்கை இறக்கம் என்றும் வழங்கும் பெரும் புடைப்புச் சிற்பத்தின் முன் நின்றவர்கள் அதன் செழுமையை மறக்கமாட்டார்கள். பல்லவர்கள் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய அப்பாறை ஏறத்தாழ 29 மீட்டர் நீளமுடையது. யானைக்கூட்டம், நாகர், முனிவர், வேடர், பறக்கும் தேவர், தவம் செய்யும் பூனை, அதன் காலடியில் எலிகள் என வெற்றிடமே இல்லாத அளவுக்கு உயிர்கள் அதில் நெருங்கி நிற்கின்றன. உருவக் கலை எய்தக்கூடிய செறிவின் எல்லை என்றே அதைச் சொல்லலாம்.

ஆனால் அதே ஊரில் முற்றுப்பெறாமல் விடப்பட்ட குடைவரைகளும் உள்ளன. பயணிகள் பெரும்பாலும் அவற்றைக் கடந்து போய்விடுவர். கலையின் பிறப்பைக் காண விரும்புவோர் நிற்க வேண்டிய இடம் அதுவே. பாறையின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காடிகள் வெட்டி, அதைச் சதுரம் சதுரமாகப் பிரித்திருக்கிறார்கள். பின்னர் ஒவ்வொரு சதுரத்தையும் உளியால் தட்டி அகற்றி உட்சென்றிருக்கிறார்கள். ஆக, சிற்பி கையில் உளியெடுத்தவுடன் முதலில் பிறந்தது யானையன்று, முனிவரன்று, சதுரம். இன்றும் மரபுச் சிற்பி சிலைக்கு முன் நேர்கோடுகளால் அளவு குறித்துக்கொண்டே தொடங்குகிறார். சுவாமிமலைச் செப்புத்திருமேனிகளைச் செய்யும் ஸ்தபதிகள், தென்னை ஓலை நறுக்கைச் சம பாகங்களாக மடித்து, அந்த மடிப்புகளைக் கொண்டே முகம், மார்பு, கால் ஆகியவற்றின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். செழித்த உருவத்தின் எலும்புக்கூடு கணக்கு. அதன் சதையும் தோலுமே அலங்காரம்.

கடற்கரைக் கோயில் மற்றொரு பாடத்தைச் சொல்லும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் சிற்பங்களை உப்புக்காற்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக அரித்து வந்திருக்கிறது. அரிப்புக்குள்ளான உருவங்களில் கண்ணும் இதழும் அணிகலனும் தேய்ந்துவிட்டன. ஆயினும் இது சிங்கம், இது நந்தி என்று நாம் அறிந்துகொள்கிறோம். நுணுக்கம் போன பின்பும் நிலைத்து நிற்கும் ஒன்று அவற்றில் உண்டு. அது முதற்கோடுகளில் அடங்கிய உறுதி. அந்த உறுதி இல்லாத சிற்பமாயின், தேய்ந்த பின் வெறுங்கல்லாக மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இஞ்சம்பாக்கத்து ஓவியர்கள்

காற்று தானாகச் செய்ததைத் தம் மனமறிந்து செய்தவர்களைக் காண, அதே கடற்கரையில் வடக்கே திரும்ப வேண்டும். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இஞ்சம்பாக்கத்தில் 1966ஆம் ஆண்டு சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்று, 1957முதல் 1967வரை அதன் தலைவராகவும் பணியாற்றியவர். சென்னைப் பள்ளியில் பயின்ற இளம் ஓவியர்கள், ஓவியத்தால் மட்டும் பிழைக்க முடியாத அக்காலத்தில், பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்த வருவாயைக் கொண்டு கடலோர மணலில் கூட்டாக நிலம் வாங்கி, வீடுகள் கட்டிக்கொண்டு குடியேறினார்கள். பொதுவில் உழைத்துப் பொதுவில் பகிர்ந்த அவர்களது தொடக்க வாழ்வு, திருத்தூதர் பணிகள் நூலில் வரும் முதற் கிறிஸ்தவச் சமூகத்தை நமக்கு நினைவூட்டுகிறது.

பணிக்கரின் கலைப்பயணம் நம் பொருளுக்கு நேர்ச் சான்று. தொடக்கத்தில் அவர் தீட்டியவை நீரும் தென்னையும் ஒளியும் ததும்பும் இயற்கைக் காட்சிகள். பின்னர் மனிதர் நெருங்கிய பெரும் ஓவியங்களைத் தீட்டினார். 1950களின் தொடக்கத்தில் அவர் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் ஒன்றுக்கு, சமாதானம் செய்வோரைப் பற்றிய மலைப்பொழிவின் பேற்றையே தலைப்பாக வைத்தார். கிறிஸ்துவின் துயரையும் அவர் தூரிகை தொட்டது. இவ்வாறு முகங்களை நிரம்பத் தீட்டியவர்தாம், 1963ஆம் ஆண்டளவில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். 1977இல் மறையும்வரை அவர் அதையே தொடர்ந்தார். அவ்வோவியங்களில் ஜாதகக் கட்டங்களைப் போன்ற சதுரங்கள் உண்டு. முக்கோணங்களும் வட்டங்களும் உண்டு. சின்னஞ்சிறு மீனும் பறவையும் உண்டு. இவற்றிடையே வரிசை வரிசையாக எழுத்துகள் இருக்கும். ஆனால் அவற்றை வாசிக்க முடியாது. எழுத்துப் போலத் தோன்றும், எழுத்தன்று. பனையோலைச் சுவடியைத் திறந்து வைத்தது போன்ற அமைதி அதில் இருக்கும். ஆனால் சுவடி எதையும் நேராகச் சொல்லாது.

முகம் தீட்டத் தெரியாததனால் பணிக்கர் கட்டங்களுக்குச் செல்லவில்லை என்பதே இங்கே நாம் கருத வேண்டியது. முகம் தீட்டித் தீட்டி, அதற்கும் அப்பால் உள்ள ஒன்றைச் சொல்லத் துடித்ததனால் சென்றார். அவர் மேலைநாட்டு ஓவியங்களை நேரில் கண்டவர். ஆயினும் அவற்றின் கட்டங்களைக் கடன் வாங்கவில்லை. நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜாதகத்தையும், நம் வாசலில் விடியுமுன் பிறக்கும் கோலத்தின் முறையையும் ஒத்த ஒன்றைத் தம் மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

அவரைச் சூழ்ந்திருந்தோரும் அவரவர் வழியில் இதையே செய்தனர். பி. வி. ஜானகிராம் (1930–1995) கோயில் திருமேனிகளுக்கு அணிவிக்கும் உலோகக் கவசத்திலிருந்து தம் கலையைக் கண்டெடுத்தார். கவசத்துக்குப் பின்புறம் இல்லை. முன்முகம் மட்டுமே உண்டு. அதுபோலவே அவரும் செப்புத்தகட்டைத் தட்டி வளைத்து, உலோகக் கம்பிகளை அதன்மேல் ஒட்டவைத்து, முன்னோக்கி நிற்கும் எளிய பெருவடிவங்களைச் செய்தார். அணிகலன்களின் செறிவு கம்பிக் கோடுகளாகச் சுருங்கியது. கே. வி. ஹரிதாசன் இயந்திர வடிவங்களையே தம் ஓவியத்தின் மொழியாக்கி, ‘பிரம்மசூத்ரா’ என்ற வரிசையைத் தீட்டினார். கேரளத்தில் 1940இல் பிறந்து, சென்னையில் பயின்று, 1968முதல் பாரிசில் வாழ்ந்த விசுவநாதன், முக்கோணம், சதுரம் ஆகியவற்றைத் திண்ணிய வண்ணங்களால் நிரப்பி உலகறிந்த ஓவியரானார். இந்தியக் கடற்கரைகளின் மணலைப் பொருளாகக் கொண்டு அவர் எடுத்த ‘மணல்’ என்ற திரைப்படம் 1982இல் வெளிவந்தது. சோழமண்டலத்து மணலில் நடந்த கால்கள் அதை மறக்கவில்லை போலும்.

இக்கடற்கரைப் பகுதி மக்கள் உப்பளங்களை அறிந்தவர்கள். இக்கலை செய்வதை விளக்க அதைவிட நல்ல உவமை நமக்குக் கிடைக்கவில்லை. கடல் அலையும் நுரையும் மீனும் பாசியுமாக ஓயாது புரள்வது. அதைச் சதுரப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் விட்டுக் காத்திருக்கிறார்கள். நீர் போய்விடுகிறது, அலை போய்விடுகிறது, நீலம்கூடப் போய்விடுகிறது. வெண்மையாக ஒன்று தங்குகிறது. அது கடலைப் போலத் தோன்றவில்லை. ஆனால் நாவில் வைத்தால் கடல்தான். நல்ல அரூப ஓவியமும் அத்தகையதே. மூலக் காட்சியைப் போல அது தோன்ற வேண்டியதில்லை. ஆனால் அதன் சாரம் அதில் கரிக்க வேண்டும். கடல்நீரே பாயாத பாத்தியில் எத்தனை நாள் வெயில் அடித்தாலும் உப்பு விளையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

“இதில் இயேசு எங்கே?”

இத்தகைய ஓவியம் ஒன்றின் முன் நின்ற நம் பங்குப் பெரியவர் ஒருவர் ஒருமுறை கேட்டார்: “எல்லாம் சரி ஐயா, இதில் இயேசு எங்கே?” சிலுவைப் பாடுகளைக் குறித்த படம் என்று சொல்லப்பட்டது. கரும்பட்டை ஒன்று குறுக்கே, சிவப்பு முக்கோணம் ஒன்று கீழ்நோக்கி, அவ்வளவே. உடனிருந்த இளைஞர் சிலர் சிரித்தனர். ஆனால் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. எந்தச் சமயக் கலையிடமும் நம்பிக்கையாளர் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவே. அதற்கு விடை சொல்ல முடியாத ஓவியம், எவ்வளவு திறமையாகத் தீட்டப்பட்டிருந்தாலும், சுவருக்கு அழகாகலாம், செபத்துக்குத் துணையாகாது.

விடையை நம் மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே, பரங்கிமலை உச்சியில் காணலாம். அங்குள்ள ஆலயத்தின் பீடத்தில் வணங்கப்படும் கற்சிலுவை, 1547இல் போர்த்துக்கீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. அதைச் சுற்றிப் பழம் பாரசீக எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. தூய தோமாவின் நினைவோடு பிணைந்த அச்சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை. மலர்ந்த முனைகளைக் கொண்ட சிலுவை, மேலே இறங்கிவரும் புறா, அவ்வளவே. தமிழகக் கடற்கரைக் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய சின்னங்களுள் ஒன்று, உருவத்தைச் சுருக்கி வடிவமாக்கிய சின்னமாகவே இருக்கிறது. அதன்முன் முழந்தாளிட்டு அழுத தலைமுறைகளுள் எவரும் இதில் இயேசு எங்கே என்று கேட்டதாக நாம் அறியவில்லை. ஏன்? அவர் யார் என்பதை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். பாடுகளின் கதையைக் கேட்டு, பாடி, பசித்திருந்து, தம் இல்லங்களில் சாவைச் சந்தித்து வந்தவர்களுக்கு அந்தக் கல்லின் கோடுகள் போதுமானவையாக இருந்தன.

சிலுவைப்பாதையைப் பற்றியும் பலர் கருதாத செய்தி ஒன்றுண்டு. நம் ஆலயச் சுவர்களில் பதினான்கு நிலைகளின் படங்களையோ புடைப்புச் சிற்பங்களையோ காண்கிறோம். அந்தப் படங்களே சிலுவைப்பாதை என்று எண்ணுகிறோம். ஆனால் சிலுவைப்பாதையை நிறுவுவதற்குத் திருச்சபை கேட்பவை பதினான்கு சிலுவைகளே. படங்களைச் சேர்ப்பது வழக்கம், கட்டாயமன்று. வெறுஞ்சுவரில் பதினான்கு சிறு மரச்சிலுவைகள் இருந்தாலும் அது முழுமையான சிலுவைப்பாதையே. வெரோணிக்காவின் துணியையும் சீமோனின் தோளையும் அழும் எருசலேம் மகளிரையும் நாம் நம் உள்ளத்திலிருந்து கொண்டுவர வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

துணி போர்த்திய நாள்கள்

தவக்காலத்தின் இறுதி நாள்களை நினைத்துப் பாருங்கள். பல பங்குகளில் ஐந்தாம் ஞாயிறு தொடங்கி சிலுவைகளையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடும் வழக்கம் இன்றும் உண்டு. வண்ணமும் முகமும் மறைந்து, பீடத்தின் இருபுறமும் ஊதா நிற வடிவங்கள் நிற்கின்றன. ஆயினும் நமக்குத் தெரிகிறது: குழந்தையை ஏந்தியதால் ஒருபுறம் புடைத்திருப்பது அன்னை மரியா, கோலின் முனை உயர்ந்திருப்பது சூசையப்பர், இறக்கைகளின் முக்கோணம் அதிதூதர் மிக்கேல். ஆண்டு முழுவதும் உற்று நோக்காமல் கடந்த முகங்களை, மூடிய பின்னரே நாம் தேடுகிறோம். அரூபக் கலை செய்வதும் இதுவன்றி வேறென்ன?

பெரிய வெள்ளியன்று திருச்சபை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. பீடத்தில் துணியில்லை, மெழுகுதிரியில்லை, மலரில்லை. கல்லோ மரமோ, அந்தச் செவ்வகம் மட்டும் நிற்கிறது. பின்னர்ச் சிலுவை கொண்டுவரப்பட்டு, மும்முறை பாடி உயர்த்தப்படுகிறது. அவ்வேளையில் ஆலயத்தில் நிலவும் மௌனத்தை எந்த அலங்காரமும் இதுவரை நமக்குத் தந்ததில்லை.

வான்ஸ் சிற்றாலயம்

இதே பாடத்தை மேலை உலகில் ஓர் ஓவியர் தம் முதுமையில் எழுதி வைத்தார். பிரான்சு நாட்டின் தென்பகுதியில் வான்ஸ் என்ற சிற்றூரில் செபமாலை அன்னைக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. அதை வடிவமைத்தவர் ஆன்றி மத்தீஸ். அவர் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பின் அவருக்குப் பணிவிடை செய்த இளம்பெண், பின்னாளில் தொமினிக்கன் சபைக் கன்னியரானார். அந்த நட்பினால், நம்பிக்கை வாழ்வில் தம்மை உறுதியாக நிறுத்திக்கொள்ளாத மத்தீஸ், தம் எழுபத்தேழாம் வயதைக் கடந்த பின் இப்பணியை ஏற்றார். 1951இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. வெள்ளை ஓடு பதித்த சுவரில் கருங்கோடுகளால் தூய தொமினிக் நிற்கிறார். அவருக்கு முகம் இல்லை. பதினான்கு நிலைகளும் ஒரே சுவரில், ஒரு குழந்தை அவசரமாய்க் கிறுக்கியது போன்ற கோடுகளில் மேல்நோக்கி ஏறுகின்றன.

வண்ணத்தின் வேந்தர் என்று உலகம் போற்றிய கலைஞர் அவர். பட்டுத்துணியின் பூவேலையையும் சன்னலோரக் கனிகளையும் ஆண்டுக்கணக்கில் தீட்டியவர். அந்தக் கைதான், நீண்ட மூங்கில் கழியின் முனையில் கரியைக் கட்டிக்கொண்டு, பாடுகளை இவ்வளவு வறிய கோடுகளில் வரைந்தது. ஆனால் அதற்கு முன் அவர் பல வரைவுகளை வரைந்து பார்த்தார்; பழைய பாடுகளின் ஓவியங்களைப் பயின்றார். கிறுக்கல் போலத் தோன்றும் அந்தக் கோடுகளின் பின்னே ஓர் ஆயுள் நிற்கிறது. பணிக்கரும் மத்தீசும் ஒருவரையொருவர் பின்பற்றியவர்கள் அல்லர். ஆயினும் இருவரும் ஒன்றையே மெய்ப்பிக்கிறார்கள்: கோடு சுருங்க வேண்டுமானால் வாழ்வு நிறைய வேண்டும்.

முகம் வேண்டாமோ?

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையோடு சந்திக்க வேண்டும். கிறிஸ்தவம் முகத்தின் சமயமன்றோ? காணமுடியாத கடவுள் பெத்லகேமில் ஒரு தாயின் மடியில் குழந்தையாகக் கிடந்தார் என்பதல்லவா நம் நற்செய்தி? திருவுருவங்கள் வேண்டாம் என்று உடைத்தவர்களை எதிர்த்து, 787இல் கூடிய இரண்டாம் நீசேயப் பொதுச்சங்கம் உருவ வணக்கத்தை உறுதி செய்தது. உருவத்துக்குச் செய்யும் மரியாதை அது குறிப்பவரையே சென்றடைகிறது என்று விளக்கியது. மனித முகம் எடுத்த கடவுளை மனித முகத்தோடு தீட்டுவது நம் உரிமை மட்டுமன்று. நம் விசுவாச அறிக்கையும் ஆகும்.

இது முழு உண்மை. ஆகவே, உருவத்தை ஏளனம் செய்து பிறக்கும் அரூபத்துக்குத் திருச்சபையில் இடமில்லை. கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயத்தில், கடலுக்குச் செல்லுமுன் அன்னையின் முகத்தை அண்ணாந்து பார்த்துச் செல்லும் மீனவரிடம் போய், இது நுண்கலையன்று என்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை. அந்த முகத்தில் அவர் தம் வீட்டையும் கரையையும் காண்கிறார். அதைப் பறித்துவிட்டு ஒரு வட்டத்தை வைத்தால், அது கலையாகாது, கொடுமையாகும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாக்கிக் கொள்ளவில்லை என்று அது கூறுகிறது. எல்லா நாட்டுக் கலைக்கும் வாயிலைத் திறந்துவிடுகிறது. அதே வேளையில் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்றும், ஆலயத்தில் உருவங்கள் அளவோடும் ஒழுங்கோடும் அமைய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறது. உருவங்களை நீக்கச் சொல்லவில்லை, குவிக்கவும் சொல்லவில்லை. சென்னையில் பணிக்கர் தம் குறியீட்டு ஓவியங்களைத் தொடங்கியதும், உரோமையில் இவ்வாவணம் பிறந்ததும் ஏறத்தாழ ஒரே காலம் என்பது நினைக்க இனியது. சென்னைப் பள்ளியைச் சேர்ந்த சிற்பி எஸ். தனபால் (1919–2000) சிலுவை சுமக்கும் கிறிஸ்துவை வடித்தபோது முகத்தைக் கைவிடவில்லை. ஆயினும் தேவையற்ற நுணுக்கம் அனைத்தையும் விலக்கினார். உருவத்துக்கும் அருவத்துக்கும் நடுவில் எத்தனையோ படிகள் உண்டு என்பதற்கு அவர் சான்று.

குடிலும் சிலுவையும்

ஆகவே நம் கேள்விக்கான விடை, இதுவா அதுவா என்பதில் இல்லை. எதன்பின் எது என்ற வரிசையில் இருக்கிறது. திருச்சபையின் வழிபாட்டு ஆண்டே அந்த வரிசையை நமக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவில் குடில் அமைக்கிறோம். வைக்கோல், ஆடு, மாடு, ஒட்டகம், இடையர், அரசர், விண்மீன், வண்ண விளக்கு என எதுவும் மிகையில்லை. மாமல்லபுரத்துப் பாறையைப் போல அங்கே உயிர்கள் நெருங்கி நிற்கின்றன. அடுத்த சில திங்களில் அனைத்தும் ஒவ்வொன்றாக விலகி, பெரிய வெள்ளியன்று இரண்டு மரங்கள் மட்டும் எஞ்சுகின்றன. குடிலில் மகிழ்ந்திராத குழந்தைக்கு அந்த இரு மரங்களும் வெறும் மரங்களே. குடிலிலேயே நின்றுவிட்ட பெரியவருக்கோ விசுவாசம் பொம்மை விளையாட்டாகவே தங்கிவிடும்.

பங்குப் பேரவைகள் ஆலயத்தைப் புதுப்பிக்க அமரும்போது இதை நினைவில் கொள்ளலாம். ஒன்றை அகற்றுமுன், அதன்முன் யார் யார் முழந்தாளிட்டார்கள் என்று கேட்போம். ஒன்றைச் சேர்க்குமுன், அது எதை மறைக்கும் என்று கேட்போம். எளிய வடிவம் ஒன்றை நிறுவும்போது, அதற்குள் அடங்கிய கதையை மறைக்கல்வியிலும் மறையுரையிலும் மக்களுக்கு முதலில் வழங்குவோம். கடல்நீரைப் பாய்ச்சாமல் உப்பை எதிர்பார்க்க வேண்டாம். நம் மண்ணின் ஓவியர்களையும் சிற்பிகளையும் இப்பணிக்கு அழைப்போம். அச்சிட்டு வரும் படங்களைவிட, நம் மக்களை அறிந்த ஒரு கலைஞரின் சில கோடுகள் நம் செபத்துக்கு நெருக்கமானவையாக அமையக்கூடும்.

நம் வீடுகளில் இறுதிப் படுக்கையில் இருப்போரைக் கண்டிருக்கிறோம். நீண்ட செபங்கள் மறந்துபோகின்றன. பிள்ளைகளின் முகமும் மங்குகிறது. சுவரில் உள்ள திரு இருதய ஆண்டவரின் படம் எட்டாத தொலைவாகிவிடுகிறது. அவ்வேளையில் நாம் அவர்களது நெற்றியில் பெருவிரலால் ஒரு கோடும், அதன் குறுக்கே மற்றொரு கோடும் இடுகிறோம். கண் திறவாமலே அவர்கள் உதடு அசைகிறது. அந்த இரு கோடுகளில் ஒரு முகத்தை அவர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். வாழ்நாளெல்லாம் அந்த முகத்தை அன்போடு நோக்கி வந்தவர்களுக்கே அது இயலும். ஆண்டவர் நமக்கும் அந்தப் பார்வையை அருள்வாராக.